ஊற்றுத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு ஒத்துக்கொள்கிறது, விருந்தாளிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை: குடல் எதிர்ப்பொருளின் வேலையா?

கோத்தகிரி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கிறேன். நோய்த்தடைக்காப்பியல் பாடத்தில் இம்யூனோகுளோபுலின்கள் எனப்படும் எதிர்ப்பொருள்களின் ஐந்து வகைகளையும் ஓர் அட்டவணைக்குள் அடக்கிவிட்டு, ஐஜிஏ என்பது உமிழ்நீரிலும் கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் குடற்சாற்றிலும் காணப்படுவது என்று ஒரே வரியில் கடந்துவிடுவது வழக்கம். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த வரியைக் கடக்க விடவில்லை.

அவள் கேட்டது இதுதான். அவர்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியே வரும் தண்ணீரை எல்லோரும் காய்ச்சாமலேயே குடிக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வரும் உறவினர்கள் மட்டும் இரண்டாம் நாளே வயிற்றுப்போக்கால் படுத்துவிடுகிறார்கள். ஊர்க்காரர்களின் குடலில் இருக்கும் ஐஜிஏதான் இதற்குக் காரணமா? இருக்கலாம் என்று சொன்னேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. பாக்டீரியாவைத் துளைத்துக் கொல்ல உதவும் காம்ப்ளிமென்ட் என்னும் இரத்தப் புரதங்களை ஐஜிஏ வழக்கமான பாதையில் தூண்டுவதில்லை. உணவு செல்லும் குடற்குழாய்க்குள் விழுங்கு செல்களும் காத்துக்கொண்டிருப்பதில்லை. அப்படியானால், பாக்டீரியாவைக் கொல்ல இயலாத ஓர் எதிர்ப்பொருள் எந்த வகையில் பாதுகாப்புத் தருகிறது?

இதற்கு நிறைவான விடை என்னிடம் இல்லை. கையில் போடப்படும் டைபாய்டு ஊசி குடலுக்குள்ளும் இந்த எதிர்ப்பொருளை உண்டாக்குமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் வகுப்பில் சொல்ல உதவியாக இருக்கும்.

குன்னூர் ஆய்வகர்:

மாணவியின் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

கோழைப்படலத்துக்கு உரிய ஐஜிஏ, இரத்தத்தில் மிதக்கும் ஐஜிஏ போலத் தனி மூலக்கூறாக இருப்பதில்லை. சிறுகுடற்சுவரிலுள்ள பேயர் திட்டுகள் என்னும் நோய்த்தடைத் திசுக்களில் பாக்டீரியாவின் அடையாளத்தைக் கற்றுக்கொண்ட பி செல்கள், இரத்தத்தின் வழியே சுற்றி மீண்டும் குடலுக்கே வந்து, குடலின் உள்மேற்பரப்பை மூடியிருக்கும் எபிதீலியம் என்னும் செல் அடுக்குக்குச் சற்றுக் கீழே, எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களாகக் குடியேறுகின்றன. அங்கே அவை இரண்டிரண்டு ஐஜிஏ மூலக்கூறுகளை ஜே சங்கிலி என்னும் சிறு புரதத்தால் பிணைத்து வெளியிடுகின்றன. இந்த இணையை எபிதீலிய செல்லின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஓர் ஏற்பி பிடித்து, செல்லின் ஊடாகச் சுமந்து சென்று, குடற்குழாய்ப் பக்கத்தில் விடுகிறது. விடும்போது ஏற்பியே வெட்டுப்பட்டு, அதன் பெரும்பகுதி ஐஜிஏயுடன் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. செரிமான நொதிகள் எதிர்ப்பொருளைச் சிதைத்துவிடாமல் காப்பதும், அதைக் கோழையில் தங்கவைப்பதும் அந்த ஒட்டிய பகுதிதான். ஆகவே ஒவ்வோர் ஏற்பியும் ஒரே ஒரு பயணத்துக்கு மட்டுமே பயன்படுகிறது. இவ்வளவு செலவில், வளர்ந்த மனிதர் ஒருவரின் குடலுக்குள் நாள்தோறும் 3 முதல் 5 கிராம் வரை ஐஜிஏ வந்து சேர்கிறது. மற்ற எல்லா வகை எதிர்ப்பொருள்களையும் கூட்டினாலும் உடல் ஒரு நாளில் இவ்வளவு உற்பத்தி செய்வதில்லை. பயனற்ற ஒன்றுக்கு உடல் இத்தனை செலவு செய்யாது என்பதே நாம் முதலில் கவனிக்க வேண்டியது.

அது கொல்வதில்லை என்பது உண்மைதான். கொல்லாமலேயே அது செய்யும் வேலைகளில் மூன்றைச் சொல்கிறேன்.

நெடுங்காலமாகப் பாடநூல்கள் கூறிவந்தது திரளாக்கம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாக்டீரியாக்களை ஒரே எதிர்ப்பொருள் பற்றிக்கொள்வதால் அவை கட்டியாகத் திரண்டு கோழையோடு வெளியேறிவிடும் என்பது அதன் கருத்து. இதில் ஓர் இடறல் உண்டு. திரள்வதற்கு இரண்டு பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். நோய் தொடங்கும் கட்டத்தில் குடலில் நோய்க்கிருமிகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு, எலிகளையும் சால்மோனெல்லாவையும் கொண்டு செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலை அவிழ்த்தது. ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போதே, அதன் மேற்பரப்பில் உறுதியாகப் பற்றியிருக்கும் ஐஜிஏ இரு சேய்களையும் விலக விடுவதில்லை. அவை மீண்டும் பிரிந்தாலும் நான்கும் ஒன்றாகவே கிடக்கின்றன. பிணையல் கட்டிய மாடுகள் தனித்தனியே வேலி தாண்ட முடியாததைப் போல, இந்தக் கொத்துகளால் குடற்சுவரை நெருங்க முடிவதில்லை. பாக்டீரியா உயிரோடுதான் இருக்கிறது, பெருகவும் செய்கிறது; பெருகுவதே அதற்குக் கட்டாகிவிடுகிறது. வேறு கூட்டங்களோடு கலக்க வழியில்லாததால், மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையைத் தரும் பிளாஸ்மிட்கள் என்னும் சிறு டிஎன்ஏ வளையங்களை மற்ற பாக்டீரியாக்களுடன் பரிமாறிக்கொள்வதும் குறைகிறது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்தமானது. வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டவும் எளிது.

இரண்டாவது, நீந்தவிடாமல் செய்வது. சால்மோனெல்லாவின் வெளியுறையிலுள்ள ஓ-ஆன்டிஜென் சர்க்கரைச் சங்கிலிகளை ஐஜிஏ பற்றிப் பிணைத்துவிட்டால், நீந்த உதவும் கசையிழை உடையாமலேயே அதன் இயக்கம் நின்றுவிடுகிறது. இத்தகைய ஓர் எதிர்ப்பொருளைக் கொண்டு 1992இல் எலிகளில் ஒரு நேர்த்தியான சோதனை செய்யப்பட்டது. ஐஜிஏயை மட்டும் இடைவிடாமல் சுரக்கும் செல்களை எலியின் முதுகில் வளரச் செய்தார்கள். வாய்வழியே சால்மோனெல்லா கொடுக்கப்பட்டபோது அந்த எலிகள் காப்பாற்றப்பட்டன. அதே பாக்டீரியா வயிற்றறைக்குள் நேரடியாகச் செலுத்தப்பட்டபோது காப்பாற்றப்படவில்லை. மாணவியின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரிந்து இல்லை. கோழைப்படலத்தின் எதிர்ப்பொருள் வாசலில் தடுக்கிறது. வாசலைத் தாண்டிய பின் நடக்கும் போருக்கு வேறு படை வேண்டும்.

மூன்றாவது, நச்சை மறிப்பது. காலராக் கிருமி குடற்சுவருக்குள் நுழைவதே இல்லை. அதன் நச்சுதான் நீரை வெளியேற்றுகிறது என்பதைக் கொல்கத்தாவில் சம்பு நாத் டே 1959இல் நிறுவினார். அந்த நச்சு செல்லின் மேலுள்ள ஒரு கொழுப்பு-சர்க்கரை மூலக்கூறில் ஒட்டிய பிறகே வேலை செய்ய முடியும். ஒட்டும் முகத்தை ஐஜிஏ மூடிவிட்டால் பாக்டீரியா குடலில் இருந்தாலும் தீங்கு குறைவு. வங்கதேசத்தில் காலரா பாதித்த குடும்பங்களின் பாலுண்ணும் குழந்தைகளை ஆராய்ந்து 1983இல் வெளியான முடிவு இதோடு பொருந்துகிறது: தாய்ப்பாலில் எதிர்ப்பொருள் மிகுந்திருந்த குழந்தைகளின் குடலிலும் கிருமி குடியேறியது, ஆனால் நோய் வருவது குறைந்தது.

பாக்டீரியாக்களும் சும்மா இருப்பதில்லை. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ், நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் ஆகியவை ஐஜிஏ1 என்னும் உட்பிரிவின் கீல் பகுதியை, அதாவது மூலக்கூறு வளையும் இணைப்பை, வெட்டும் நொதியைச் சுரக்கின்றன. ஐஜிஏ2இல் அந்தக் கீல் குட்டையானது என்பதால் இந்த நொதிகளுக்கு அது அகப்படுவதில்லை. பெருங்குடலில் ஐஜிஏ2 மிகுதியாக இருக்கிறது.

கூடலூர் மருத்துவர்:

ஆய்வகர் கூறிய செயல்முறைகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஹட்டியின் தண்ணீரைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன் சிலவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கில் நச்சு சுரக்கும் ஈ.கோலை முதன்மையான காரணங்களுள் ஒன்று. அது மிகுதியாகப் புழங்கும் ஊர்களில் சிறு குழந்தைகளே அடிக்கடி நோயுறுகிறார்கள். வயது கூடக் கூட நோய் குறைகிறது. புதிதாக வந்து நெடுநாள் தங்குபவர்களுக்கும் நாள்பட ஆபத்து குறைகிறது. குடலில் கற்றுக்கொள்ளப்பட்ட எதிர்ப்புதான் இதற்குக் காரணம் என்று கொள்வதற்கு நல்ல நியாயம் உண்டு. அந்த அளவில் மாணவியின் ஊகம் சரியான திசையில் இருக்கிறது. ஆனால் "எங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை" என்று பெரியவர்கள் சொல்லும்போது, அவர்கள் வீட்டு இரண்டு வயதுக் குழந்தைக்குக் கடந்த மழைக்காலத்தில் எத்தனை முறை வயிற்றால் போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களின் எதிர்ப்பு குழந்தைப் பருவத்தில் விலை கொடுத்து வாங்கப்பட்டது. அந்த விலை சில வீடுகளில் மிகவும் அதிகமாக இருந்திருக்கிறது.

விருந்தாளிகளின் கோளாறு அனைத்தையும் தண்ணீரின் தலையில் போடுவதும் சரியாகாது. பண்டிகை நாளில் காலையில் சமைத்த சாதம் மாலை வரை அண்டாவில் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்து இறங்குபவர்களின் வயிறு முதல் நாளே கலங்கித்தான் இருக்கும். அதற்குப் பாக்டீரியா தேவையில்லை.

இனி டைபாய்டு ஊசி. நம் நாட்டில் இப்போது போடப்படும் இணைவுத் தடுப்பூசி, டைபாய்டு பாக்டீரியாவின் மேலுள்ள விஐ என்னும் சர்க்கரை உறையை டெட்டனஸ் டாக்ஸாய்டு போன்ற ஒரு புரதத்துடன் இணைத்துச் செய்யப்பட்டது. தசையில் போடும்போது பெரும்பாலும் இரத்தத்தில் ஐஜிஜி என்னும் மற்றொரு வகை எதிர்ப்பொருள் உருவாகிறது; இரத்தத்தில் ஓரளவு ஐஜிஏயும் தோன்றுகிறது. டைபாய்டு குடலைத் துளைத்து இரத்தத்தில் பரவும் நோய் என்பதால் ஐஜிஜி அங்கே நன்றாகப் பயன்படுகிறது. குடலுக்குள்ளேயே ஐஜிஏயைத் தூண்டுவதற்கு ஏற்றது, விழுங்கக்கூடிய டிஒய்21ஏ என்னும் உயிருள்ள, வலுவிழக்கச் செய்யப்பட்ட வகை. அதில் விஐ உறை கிடையாது, ஆனாலும் அது பாதுகாப்புத் தருகிறது. ஒரே நோயை இரண்டு வெவ்வேறு இடங்களில் தடுக்கலாம் என்பதற்கு இதையே சான்றாகச் சொல்லலாம்.

இன்னொரு சான்றைக் குன்னூரோடு தொடர்புபடுத்தியே சொல்லலாம், ஏனெனில் அங்குள்ள பாஸ்டர் நிறுவனம் கக்குவான் இருமலையும் உள்ளடக்கிய முத்தடுப்பூசி தயாரிப்புக்குப் பெயர்பெற்றது. கக்குவான் இருமல் கிருமி மூச்சுக்குழாயின் மேற்பரப்பிலேயே தங்குவது. அமெரிக்காவில் பபூன் குரங்குகளில் நடந்த ஆய்வில், சில புரதங்களை மட்டும் கொண்ட செல்லற்ற தடுப்பூசி பெற்றவை நோயுறவில்லை. எனினும் கிருமி அவற்றின் மூக்கில் வாரக்கணக்கில் தங்கி, பக்கத்துக் குரங்குகளுக்கும் பரவியது. கொல்லப்பட்ட முழுப் பாக்டீரியாவைக் கொண்ட முழுச்செல் தடுப்பூசி பெற்றவற்றில் கிருமி அதைவிட விரைவாக அகன்றது. முன்பே நோய் கண்டு மீண்டவற்றில் அது மீண்டும் குடியேறவே இல்லை. மூக்கின் வழியே கொடுக்கும் கக்குவான் தடுப்பு மருந்தை உருவாக்க முயல்வதன் காரணம் இதுதான். நம் அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்குப் போடப்படுவது முழுச்செல் வகை.

உதகை கல்லூரி மாணவன்:

மன்னிக்கவும், ஓர் எதிர்க்கேள்வி. ஐஜிஏ அறவே இல்லாமல் பிறப்பவர்கள் இருக்கிறார்கள் என்றும், அவர்களில் பெரும்பாலோர் தமக்கு அப்படி ஒரு குறை இருப்பதே தெரியாமல் நலமாக வாழ்கிறார்கள் என்றும் படித்திருக்கிறேன். நாள்தோறும் சில கிராம் செலவழித்து உண்டாக்கும் ஒன்று இல்லாமற்போனாலும் பாதிப்பில்லை என்றால், அதன் பாதுகாப்பை நாம் மிகைப்படுத்துகிறோமோ?

குன்னூர் ஆய்வகர்:

நியாயமான கேள்வி. ஐரோப்பிய வழித்தோன்றல்களில் ஏறத்தாழ 600 பேருக்கு ஒருவரிடம் இந்தக் குறை காணப்படுகிறது. ஜப்பானில் இது மிக அரிது. அவர்களில் பலருக்குத் தொல்லை இல்லை என்பதும் சரி. ஆனால் நான் முன்பு சொன்ன ஏற்பி ஐஜிஏயை மட்டும் சுமப்பதில்லை. ஜே சங்கிலி கொண்ட, ஐந்து அலகுகள் பிணைந்த ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருள் வகையையும் அதே வழியில் வெளியே கொண்டுசெல்கிறது. ஐஜிஏ இல்லாதவர்களின் குடற்சாற்றில் ஐஜிஎம் அதிகரித்துக் காணப்படுகிறது. கோழையும், இரைப்பை அமிலமும், எபிதீலியம் சுரக்கும் கிருமிக்கொல்லிப் புரதங்களும் அப்படியே இருக்கின்றன. இத்தனை இருந்தும் அவர்களில் ஒரு பகுதியினர் காது, சைனஸ், நுரையீரல் தொற்றுகளாலும், ஜியார்டியா போன்ற குடல் தொற்றுகளாலும் மற்றவர்களைவிட அதிகம் அவதிப்படுகிறார்கள். இதிலிருந்து தெரிவது, பாதுகாப்பு ஒரே அடுக்கில் இல்லை என்பதுதான். அந்த அடுக்கே வேண்டாதது என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது.

எதிர்ப்பொருள் மட்டும் தனியாக என்ன செய்ய முடியும் என்பதற்கு மனிதர்களிலேயே சான்று உண்டு. அது பசு தொடர்பானது என்பதால் இங்கே கால்நடைத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கால்நடை மருத்துவர், உதகை:

என்னைத்தான் அழைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சோதனை 1988இல் வெளியானது. நச்சு சுரக்கும் ஈ.கோலை வகைகளைப் பசுக்களுக்குத் தடுப்பூசியாகப் போட்டு, அவற்றின் பாலிலிருந்து எதிர்ப்பொருளைச் செறிவூட்டிப் பிரித்தார்கள். தன்னார்வலர்கள் 10 பேர் அதைக் குடித்தார்கள். இன்னொரு 10 பேருக்கு இந்தப் பாக்டீரியாவுக்குத் தொடர்பில்லாத எதிர்ப்பொருள் தரப்பட்டது. பிறகு எல்லோருக்கும் உயிருள்ள ஈ.கோலை கொடுக்கப்பட்டது. இரண்டாம் குழுவில் 9 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. முதல் குழுவில் ஒருவருக்கும் வரவில்லை. குடித்தவர்களின் உடல் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, எந்தச் செல்லும் தூண்டப்படவில்லை. குடலில் உரிய எதிர்ப்பொருள் உரிய நேரத்தில் இருந்தது, அவ்வளவே.

ஆசிரியை அவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. பசுவின் பாலிலும் சீம்பாலிலும் மிகுந்திருப்பது ஐஜிஏ அன்று, ஐஜிஜி1. பசுவின் நஞ்சுக்கொடி வழியே எதிர்ப்பொருள் கன்றுக்குக் கடப்பதில்லை என்பதால், பிறந்த முதல் நாளுக்குள் சீம்பாலைக் குடித்து, அதைக் குடல் வழியே இரத்தத்துக்குள் ஏற்றிக்கொண்டால்தான் கன்று பிழைக்கும். அதனால்தான் கன்று ஈன்ற முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கன்றுக்கு விடுங்கள், அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓயாமல் சொல்கிறோம். மனிதக் குழந்தைக்கு ஐஜிஜி கருப்பையிலேயே கிடைத்துவிடுகிறது. தாயின் சீம்பாலிலுள்ள ஐஜிஏ இரத்தத்துக்குள் அனேகமாகச் செல்லாமல் குடலிலேயே தங்கி வேலை செய்கிறது. தாயின் குடலில் பாடம் படித்த பிளாஸ்மா செல்களின் முன்னோடிகள் மார்பகத்துக்கும் சென்று குடியேறுவதால், அந்த வீட்டில், அந்த ஊரில் புழங்கும் கிருமிகளுக்கு ஏற்ற எதிர்ப்பொருளே பாலில் வருகிறது.

வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துச் சீம்பாலைக் கட்டியாகும்வரை வேகவைத்துச் சாப்பிட்டால் எதிர்ப்பு கூடும் என்று நம்புபவர்களுக்கு ஒரு செய்தி: அது கட்டியாகும்போதே அதிலுள்ள எதிர்ப்பொருள் சிதைந்துவிடுகிறது. ருசிக்காகச் சாப்பிடலாம்.

கேத்தி பாலாடா விவசாயி:

நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தபின் எனக்கு ஒரு குழப்பம். கிருமியைச் சந்தித்தால்தான் குடல் கற்றுக்கொள்ளும் என்றால், தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்து வளர்க்கும் பிள்ளைகளுக்கு அந்த எதிர்ப்பு வராமலே போய்விடாதா? எங்கள் பகுதியில் கேரட் கழுவும் இயந்திரங்களுக்கு ஓடைத் தண்ணீரே போகிறது. நாங்கள் பச்சைக் கேரட்டை வயலிலேயே தின்று வளர்ந்தவர்கள். சென்னையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய என் தம்பிக்கு மட்டும் இப்போது ஊர்த் தண்ணீர் சேருவதில்லை.

கூடலூர் மருத்துவர்:

ஐயா, தம்பியின் கதையிலிருந்து தொடங்கலாம். எதிர்ப்பொருள் தயாரிக்கும் பிளாஸ்மா செல்களில் சில மனிதக் குடலில் பல பத்தாண்டுகள் நிலைத்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எலிகளில், புதிய பாக்டீரியாக்கள் வரவர, பழையவற்றுக்கு எதிரான ஐஜிஏ பங்கு குறைந்து புதியவற்றுக்கு இடம் விடுவதும் காணப்பட்டிருக்கிறது. வெளியூரில் வாழ்ந்த ஆண்டுகளில் குடல் அந்த ஊருக்கு ஏற்றபடி மாறியிருக்கக்கூடும். அவர் இல்லாத காலத்தில் ஓடையில் புழங்கும் கிருமி வகைகளும் மாறியிருக்கலாம். ஐஜிஏ தான் கற்ற வகையை அடையாளம் காணுமே தவிர எல்லாவற்றையும் அல்ல.

காய்ச்சிய தண்ணீர் பற்றிய அச்சம் தேவையில்லை. குடலில் ஐஜிஏ உற்பத்தியைத் தூண்டுவதில் பெரும்பங்கு நம் வயிற்றில் இயல்பாக வாழும் தீங்கற்ற பாக்டீரியாக்களுக்கே உண்டு. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்படும் எலிகளில் ஐஜிஏ மிகக் குறைவு. இயல்பான குடல் பாக்டீரியாக்களைக் கொடுத்தால் அது உயர்ந்துவிடுகிறது. அதற்குச் சாக்கடை கலந்த நீர் வேண்டியதில்லை. நோய்க்கிருமிக்கென்றே தனி எதிர்ப்பு வேண்டுமானால், காலராவுக்கு இருப்பதுபோல, கொல்லப்பட்ட பாக்டீரியாக்களை வாய்வழித் தடுப்பு மருந்தாகக் கொடுத்தும் அதை உண்டாக்கலாம். இதற்கு மாறாக, மாசுபட்ட நீரை இடைவிடாது குடிக்கும் குழந்தைகளின் குடற்சுவர் நாள்பட்ட அழற்சியால் நலிகிறது. வாய்வழித் தடுப்பு மருந்துகள் ஏழை நாடுகளில் குறைவாகப் பயன் தருவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கேரட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கிருமிகளின் அடையாளத்தை மற்ற நோய்த்தடைச் செல்களுக்குக் காட்டும், குடலிலுள்ள டெண்ட்ரைட்டிக் செல்கள் வைட்டமின் ஏயிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தை உருவாக்குகின்றன. பி செல்களை ஐஜிஏ தயாரிக்கத் திருப்புவதிலும், அவற்றுக்குக் குடலுக்குத் திரும்பும் வழியைக் காட்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு என்பது 2006இல் எலிகளில் காட்டப்பட்டது. வைட்டமின் ஏ இல்லாத எலிகளின் சிறுகுடலில் ஐஜிஏ செல்கள் அரிதாயின. குறையுள்ள உணவு உண்ட விலங்குகளின் குடல் எப்படிச் சீர்கெடுகிறது என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் ஆராய்ந்திருக்கிறார். 1918இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் தொடங்கிய அந்த ஆய்வகம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. ஆகவே கேரட் நல்லது. கழுவிய தண்ணீரை மட்டும் நம்ப வேண்டாம், வீட்டில் நல்ல நீரில் மீண்டும் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள்.

ஆசிரியைக்கு ஒரு யோசனை. ஊற்று நீரில் மலக்கலப்பு இருக்கிறதா என்பதை மாணவிகளே ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைக் குப்பியால் பார்க்கலாம். குறித்த அளவு நீரை ஊற்றி மூடி வைத்து, ஓரிரு நாள்களில் அது கறுத்தால் கலப்பு இருக்க வாய்ப்புண்டு. இச்சோதனைக்கு 25 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். மார்கழிக் குளிரில் கோத்தகிரியில் குப்பியை அலமாரியில் வைத்தால் கலப்புள்ள நீரும் கறுக்காமல் ஏமாற்றிவிடும். எரியும் பல்பு பொருத்திய மரப்பெட்டி ஒன்றில், வெப்பமானியோடு வைத்துப் பாருங்கள். ஊற்றின் வாயில் ஒன்றும், வீட்டுக் குழாயில் ஒன்றுமாக எடுத்தால், கலப்பு நேரும் இடமும் ஓரளவு தெரியவரும்.